உன் சிநேகிதன் இங்கே செய்துவிட்டுப் போனது

கே.ஜி.கண்டிகை,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள எழிலனுக்கு உன் அம்மா எழுதுவது. நானும் உன் நைனாவும் உன் தங்கச்சி மோனிஷாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். டப்ளினில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நோய் நொடி இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன், தணிகை முருகன் துணையிருக்கட்டும். உடம்பைப் பற்றித்தான் இப்படி எழுத வருகிறது கண்ணு. மனசு ஒரு மாதமாக நிலையில் இல்லை. பாலை அடுப்பில் வைத்துவிட்டு எதிரிலேயே நிற்கிறேன், அது பொங்கி வழிந்து அடுப்பை அணைத்த பிறகுதான் நின்றுகொண்டிருப்பதே தெரிகிறது. போனில் சொல்லிவிடலாம் என்று பார்த்தால் நீ போன ஞாயிற்றுக்கிழமை பேசின பேச்சில் எனக்கு வாய் அடைத்துப் போய்விட்டது. அதுவும் இல்லாமல் இந்த வீட்டில் எந்த நேரமும் யாராவது பக்கத்தில் இருக்கிறார்கள், அவர்கள் காதில் விழக்கூடாத ஒரு விஷயமும் இதில் இருக்கிறது. அதனால்தான் இத்தனை வருஷம் கழித்துப் பேனாவை எடுத்தேன். பாதியில் கோபம் வந்தால் வைத்துவிட்டு அப்புறம் எடுத்துப் படி, ஆனால் கடைசி வரைக்கும் படித்துவிடு.

ஊர்ச் செய்தி என்றால் இந்த வருஷம் மழை பரவாயில்லை, வேர்க்கடலை பிடுங்கி முடித்தாயிற்று. சிவப்புப் பசு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது, நெற்றியில் வெள்ளைச் சுட்டி. உன் நைனாவுக்கு முட்டி வலி விடவில்லை, பஸ்ஸில் மலைக்குப் போங்கள் என்றால் கேட்காமல் கிருத்திகைக்குப் படி ஏறியே போய்விட்டு வந்து மூன்று நாள் முனகினார். இதையெல்லாம்தான் உனக்கு எழுத வேண்டும் என்று ஆசை. ஆனால் நீ ஞாயிற்றுக்கிழமை மோனிஷாவைப் பார்த்து, ஆகாஷ் மேல வக்கீல் நோட்டீஸ் அனுப்பற அளவுக்கு உனக்குத் திமிராயிடுச்சா, உனக்காக நான் அவன்கிட்ட எவ்ளோ கெஞ்சியிருப்பேன், உன்னாலயும் அந்த அபியாலயும் என் மானமே போச்சு என்று கத்தினாயே, அவள் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லாமல் போனை என் கையில் கொடுத்துவிட்டு மாட்டுக் கொட்டகைப் பக்கம் போய்விட்டாள். கன்றுக்குட்டியைத் தடவிக்கொண்டு வெகுநேரம் அங்கேயே இருந்தாள். நீ ஆகாஷ் சொன்னதை வைத்துப் பேசுகிறாய். இங்கே நடந்தது என்ன என்று என் கண்ணால் பார்த்தவரைக்கும், காதால் கேட்டவரைக்கும் நான் சொல்கிறேன்.

நீ கடைசியாக வந்தபோது மோனிஷாவும் அவள் கூட்டாளி அபியும் செய்கிற மடிநோய்க் காயிதம் சின்ன அளவில்தான் இருந்தது. கறந்த பாலில் அந்தக் காயிதத்தை முக்கினால், மாட்டுக்கு மடி வீங்கப் போகிறது என்றால் வீங்குவதற்கு முன்னமே நீலமாக மாறிக் காட்டிக்கொடுக்கும் என்று நம் கொட்டகையில்தானே மோனிஷா உனக்குக் காட்டினாள். அதற்கப்புறம் நல்லபடியாக வளர்ந்துவிட்டது. ஆர்.கே.பேட்டை பக்கத்துப் பால் சொசைட்டிகளில் எல்லாம் வாங்க ஆரம்பித்தார்கள். நம் தெருக் கோடியில் ஒரு ஷெட்டை வாடகைக்குப் பிடித்து, மோனிஷாவும் அபியும் காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் அதற்குள்ளேயே கிடந்தார்கள். அபி பொதட்டூர்பேட்டையிலிருந்து தினம் பஸ்ஸில் வந்து போகிற பெண், அவளுடைய அப்பா தறி ஓட்டுகிறார். காயிதத்தில் மருந்து தடவுகிற வேலைக்கு நம் தெரு ராஜவேலுவை வைத்திருந்தார்கள். இன்னும் பெரிதாகச் செய்ய மிஷின் வேண்டும், அதற்குப் பணம் போடுகிறவர்கள் வேண்டும் என்று இருந்த நேரத்தில்தான் நீ ஆகாஷைச் சொல்லி அனுப்பினாய். பணம் போடுகிற பெரிய கம்பெனியில் அவன் இருக்கிறான் என்றதும் எங்களுக்குச் சந்தோஷம்தான். ஹாஸ்டலில் உன்னோடு ஒரே ரூமில் இருந்தவன், ஆடிக் கிருத்திகைக்கு வந்தால் நம் வீட்டில்தான் தங்குவான், என் கையால் எத்தனை தரம் சாப்பிட்டிருக்கிறான். வேற்று மனுஷன் என்ற நினைப்பே எங்களுக்கு இல்லை.

பணம் போடுவதற்கு முன்னால் கம்பெனியின் கணக்கு வழக்கு, லைசென்ஸ், வாங்குகிறவர்கள், வேலை செய்கிறவர்கள் எல்லாவற்றையும் துருவிப் பார்ப்பார்களாம், அதற்கு டியூ டிலிஜென்ஸ் என்று பேராம், மோனிஷா எனக்கு விளக்கிச் சொன்னாள். ஆகாஷ் முதல் தடவை வந்தபோது கூட ஒருத்தரை அழைத்து வந்தான். விஜயன் என்று பேர், எங்கள் கம்பெனிக்காகச் சாமானைச் சோதித்துப் பார்க்கிற நிபுணர் என்றான். நல்ல மனுஷர் மாதிரிதான் பேசினார். நான் வடை, பாயசத்தோடு சமைத்துப் போட்டேன். ஆகாஷ் இரண்டாம் தரம் சாம்பார் கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டு, "உங்க சாம்பாருக்காகவே இந்த டீல முடிச்சுடணும்மா" என்று சிரித்தான். சாப்பிட்டுவிட்டு ஷெட்டுக்குப் போனார்கள். வாசலிலேயே அபி ஒரு பேப்பரை நீட்டினாள். இங்கே பார்த்ததை வெளியே சொல்ல மாட்டோம், பார்த்ததை வைத்து நாங்களோ எங்கள் ஆட்களோ இதே பொருளைச் செய்ய மாட்டோம் என்று அதில் எழுதியிருந்ததாம். பணம் போடுகிறவர்கள் சாதாரணமாக இந்தப் பேப்பரில் கையெழுத்துப் போட மாட்டார்கள் என்று ஆகாஷ் சொன்னான். அபி விடவில்லை. "அப்டின்னா வெளிய இருந்தே பாருங்க சார், மருந்து கலக்கற ரூமுக்குள்ள வேணாம்" என்றாள். எனக்குத் தர்மசங்கடமாகிவிட்டது. வீட்டுக்கு வந்தவர்களை வாசலில் நிறுத்திப் பேசுகிறாளே இந்தப் பெண் என்று நினைத்தேன். விஜயன் எனக்கு ஏதும் தெரியாது என்பது போல் செல்போனைப் பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் ஆகாஷ்தான் சிரித்துக்கொண்டே கம்பெனி சார்பில் கையெழுத்துப் போட்டான். போட்ட பிறகும், மருந்தில் என்ன கலக்கிறீர்கள், எங்கே வாங்குகிறீர்கள் என்று அவர்கள் கேட்டபோது, ஒப்பந்தம் கையெழுத்தாகி முதல் பணம் வந்த பிறகு சொல்கிறோம், அதுவரைக்கும் எந்த மாட்டுப் பாலை வேண்டுமானாலும் கொண்டுவாருங்கள், உங்கள் எதிரிலேயே முக்கிக் காட்டுகிறோம் என்று இரண்டு பேரும் ஒரே வார்த்தையாகச் சொல்லிவிட்டார்கள்.

அன்றைக்குச் சாயங்காலமே நீ எனக்குப் போன் செய்தாய், ஞாபகம் இருக்கிறதா. அந்த அபி காரியத்தைக் கெடுக்கிறாள், ஆகாஷ் நம்ம ஆள், அவன்கிட்ட ஒளிக்கிறதுக்கு இன்னா கீது என்று கேட்டாய். நானும் மோனிஷாவைக் கடிந்துகொண்டேன். அவள், "அம்மா, ஆகாஷண்ணா நம்ம ஆளு, சரி. அவருகூட வர்றவங்க எல்லாரும் நம்ம ஆளா?" என்றாள். பெரியவன் நீ சொல்கிறாய் என்று நான் உன் பக்கம்தான் பேசினேன்.

அவர்கள் திரும்பவும் வந்தார்கள். ஐஸ் பெட்டியில் எங்கெங்கேயோ கறந்த பால் கொண்டுவந்தார்கள், காயிதம் எல்லாவற்றிலும் சரியாகக் காட்டியது. விஜயனுக்கு முகம் மலர்ந்தது. போகும்போது முக்கின காயிதத்தில் கொஞ்சத்தை அவர் பைக்குள் வைத்துக்கொண்டார், அபி பார்த்துவிட்டு, சார் அதை இங்கயே போட்டுடுங்க என்று கையை நீட்டினாள். அவர் மறதியாக எடுத்தது மாதிரி சிரித்துக்கொண்டு கொடுத்தார். அதற்கப்புறம் இன்னும் ஒரு பேப்பர் வேண்டும், இன்னும் ஒரு கணக்கு வேண்டும் என்று வாரக்கணக்கில் இழுத்தார்கள். எங்களோடு பேசி முடிகிற வரைக்கும் வேறு யாரோடும் பணத்தைப் பற்றிப் பேசக்கூடாது என்று இந்தப் பெண்களிடம் எழுதி வாங்கிக்கொண்டார்கள். சென்னைக் கால்நடைக் கல்லூரிக்காரர்கள் கொஞ்சம் உதவி செய்கிறோம் என்று முன்னமே சொல்லியிருந்தார்கள், அவர்களையும் இவர்களால் நிறுத்தி வைக்கும்படி ஆயிற்று. ஷெட் நடத்தக் கையில் இருந்ததெல்லாம் கரைந்துகொண்டே வந்தது. அப்புறம் காயிதம் வாங்குகிற மாட்டுக்காரர்களுடைய போன் நம்பர் எல்லாம் வேண்டும், நிஜமாகவே வாங்குகிறார்களா என்று விசாரிக்க வேண்டும் என்றார்கள். அபி, நாலைந்து பேரை நாங்களே கூப்பிட்டுத் தருகிறோம், எங்கள் எதிரில் பேசுங்கள் என்றாள். நீதான் மோனிஷாவுக்குப் போன் செய்து, நம்பர்தானே, குடுத்துத் தொலை, இதுக்கா ஒரு டீல் நிக்கணும் என்றாய். அண்ணன் சொல்கிறான் என்று அவள் அபிக்குத் தெரியாமல் ஆர்.கே.பேட்டை பக்கத்து நம்பர்களை மட்டும் அனுப்பிவிட்டாள். இப்போது அதைச் சொல்லிச் சொல்லி அழுகிறாள்.

அதற்குப் பிறகு ஒரு திங்கட்கிழமை ராஜவேலு வேலைக்கு வரவில்லை. உடம்பு சரியில்லையோ என்று நான் போய்ப் பார்த்தேன். அவன் பெண்சாதி கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு, "அவரு ஓசூர் பக்கம் வேலைக்குப் போயிட்டாருக்கா, ரெட்டைச் சம்பளம் தர்றாங்களாம், ரூமும் குடுத்துகிறாங்க" என்றாள். யார் வேலை கொடுத்தது என்று கேட்டதற்கு அதெல்லாம் தெரியாது என்று கதவைச் சாத்திவிட்டாள். நம் கல்யாணம் காட்சி எதுவானாலும் முதலில் வந்து பந்தல் போடுகிற குடும்பம் கண்ணு.

மூன்று வாரம் கழித்து எல்லப்பன் போன் செய்தார். ஆர்.கே.பேட்டைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர், முதன்முதலில் காயிதம் வாங்கினவர்களில் ஒருத்தர். மோனிஷா போனை ஸ்பீக்கரில் போட்டாள். "இன்னாம்மா பண்ணிட்டீங்க, உங்க காயிதம் நல்லாக்கீதுன்னு வெள்ளையா காட்டிச்சி, இப்ப என் மாடு மடி கல்லாட்டம் ஆயிடுச்சே, கிட்ட போனா உதைக்குது, அத்த நம்பித்தானே நான் டாக்டர கூப்பிடாம இருந்தேன்" என்று அவர் அழாத குறையாகச் சொன்னார். அவருக்கு இருக்கிறது அந்த ஒரே மாடு. மோனிஷாவும் அபியும் ஸ்கூட்டியில் கிளம்பினார்கள், எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை, நானும் பஸ்ஸைப் பிடித்துப் பின்னாலேயே போனேன். நான் போய்ச் சேர்ந்தபோது அக்கம்பக்கத்து ஜனம் எல்லாம் கூடியிருந்தது, மோனிஷா நடுவில் தலைகுனிந்து நின்றுகொண்டிருந்தாள். எல்லப்பன் வீட்டுக்குள்ளிருந்து காயிதக் கட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். அதே அகலம், அதே உறை நிறம். பேர் மட்டும் வேறு. "நீங்கதானே பேர மாத்திட்டு சும்மா குடுக்கறீங்கன்னு சொன்னாரு, போன் பண்ணிட்டு வந்தாரே உங்க சாரு" என்றார். எந்த சார் என்று அபி கேட்டாள். எல்லப்பனுடைய மகள் அந்த ஆளை மாட்டோடு சேர்த்து ஒரு போட்டோ எடுத்திருந்தாள், அந்தப் போனைக் காட்டினாள். மாட்டு முதுகில் கை வைத்துக்கொண்டு விஜயன் நிற்கிறார். நம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து என் பாயசத்தைக் குடித்த அதே விஜயன்.

அபிதான் நிதானமாக இருந்தாள். எல்லப்பனை ஒரு சொம்பில் அந்த மாட்டுப் பாலைக் கொஞ்சம் பீய்ச்சச் சொல்லி, எல்லாரும் பார்க்க அந்தக் காயிதத்தை ஒரு பக்கமும் தன் பையில் இருந்த நம் காயிதத்தை ஒரு பக்கமும் முக்கினாள். அது வெள்ளையாகவே இருந்தது. நம்முடையது கொஞ்ச நேரத்தில் நல்ல நீலமாக மாறியது. எல்லப்பன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப என்னை ஏமாத்திட்டு பூட்டானா" என்று மட்டும் சொல்லிவிட்டு மாட்டுக் கழுத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். டாக்டர் வந்து ஊசி போட்டு மாட்டைக் காப்பாற்றிவிட்டார், ஒரு காம்பு மட்டும் அடைத்துப் போய்விட்டது, இனிமேல் அதில் பால் வராது. வைத்தியச் செலவை மோனிஷாவே ஏற்றுக்கொண்டாள், நம் மேல் தப்பில்லை என்று அபி சொன்னதற்கு, அந்த நம்பரைக் கொடுத்தது நான்தானே என்று அப்போதுதான் அவளிடம் சொன்னாள். திரும்பி வருகிற வழியெல்லாம் ஒருத்தியோடு ஒருத்தி பேசாமலே வந்தார்களாம். மறுநாள் காலையில் அபி பஸ் இறங்கி நேராக ஷெட்டுக்கு வந்து கம்ப்யூட்டரைத் திறந்தாள், அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

அவள் கம்பெனிகளுடைய பதிவில் தேடிப் பார்த்தாள். அந்த விஜயன் சும்மா நிபுணர் இல்லை கண்ணு, ஓசூர் பக்கம் மாட்டு மருந்து செய்கிற ஒரு கம்பெனியில் டைரக்டர். அந்தக் கம்பெனிக்குப் பணம் போட்டிருப்பது யார் என்று பார்த்தால், ஆகாஷ் வேலை செய்கிற அதே கம்பெனி. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று பொதுவில் கிடக்கிற விவரம்தானாம் அது. அவர்கள் எங்களை ஊசிமுனை வரைக்கும் துருவினார்கள், எங்களில் ஒருத்தர்கூட அவர்கள் யார் என்று பார்க்கவில்லை. ஆகாஷ் கம்பெனி இதற்கு முன்பு பணம் போட்ட, போடுவதாகச் சொன்ன வேறு கம்பெனிக்காரர்கள் இரண்டு மூன்று பேருக்கு மோனிஷா போன் செய்தாள். கோயமுத்தூரில் ஒரு பையன், விதை ஊற வைக்கிற ஏதோ ஒன்று கண்டுபிடித்தவனாம், இவள் பேச்சை ஆரம்பித்ததுமே, அக்கா, உங்க ஆளை இழுத்துட்டாங்களா என்று அவனாகவே கேட்டான். அவனுக்கும் இதேதான் நடந்திருக்கிறது, அவன் கலவையைச் சொல்லிவிட்டதால் கடையையே மூடும்படி ஆகிவிட்டது. பணம் போடுவதாக ஆசை காட்டுவது, ரகசியத்தைக் கறப்பது, ஆளை இழுப்பது, வேறு யாரிடமும் போகவிடாமல் கட்டிப் போட்டுக் காசு தீர்கிற வரைக்கும் காத்திருப்பது. இதற்காகவே வருகிறவர்களும் உலகத்தில் இருக்கிறார்களா என்று உன் நைனா கேட்டுக் கேட்டுத் திகைத்துப் போகிறார்.

இவ்வளவுக்கும் ஆகாஷுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது, அவனையும் ஏமாற்றியிருப்பார்கள் என்றுதான் நான் பிடிவாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவனே நேரில் வந்தான். தனியாக வந்தான். உட்காரச் சொன்னேன், தண்ணீர் கொடுத்தேன், குடித்தான். மோனிஷா அந்தப் போட்டோவைக் காட்டினாள். அவன் முகம் மாறவே இல்லை எழிலா. "பிசினஸ்ல இதெல்லாம் இருக்கறதுதான், இத பர்சனலா எடுத்துக்கக் கூடாது" என்றான். மருந்துக் கலவை, பேர் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு விலைக்குக் கொடுத்துவிடுங்கள், இல்லையென்றால் அவர்கள் இலவசமாகவே ஊர் பூரா கொடுத்து உங்களை ஒன்றுமில்லாமல் செய்துவிடுவார்கள், நான் நல்லதுக்குச் சொல்கிறேன் என்றான். அவன் சொன்ன விலை அந்த ஷெட்டில் இருக்கிற சாமானுக்குக்கூடக் காணாது. உன் நைனா ஒருத்தரையும் கடிந்து பேசாத மனுஷர், எழுந்து, "நீ எங்க ஊட்ல சாப்ட்ட புள்ளப்பா, அதனால கைய வெக்காம அனுப்பறேன், கெளம்பு" என்றார்.

வாசல் வரைக்கும் நான் போனேன். எதற்குப் போனேன் என்று எனக்கே தெரியவில்லை. ஏதாவது ஒரு வார்த்தை, மன்னிச்சிடுங்கம்மா என்றாவது சொல்லுவான் என்று நினைத்தேனோ என்னவோ. அவன் காரைத் திறந்துகொண்டு திரும்பி என்னைப் பார்த்துச் சொன்னான்: "என்னை மட்டும் ஏம்மா இப்படிப் பாக்கறீங்க? எழிலனுக்கும் இதுல பங்கு பேசியிருக்கு. இது முடிஞ்சா அவனுக்கும் வரும். அவன் கூப்பிட்டுத்தான் நான் இந்த ஊருக்கே வந்தேன்." சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டான். நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எதிர் வீட்டுக்காரி என்னக்கா என்று கூப்பிட்டிருக்கிறாள், எனக்குக் கேட்கவில்லை. அந்த வார்த்தையை நான் இதுவரைக்கும் மோனிஷாவிடம் சொல்லவில்லை, உன் நைனாவிடமும் சொல்லவில்லை.

இங்கே எப்படி முடிந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மருந்து இரண்டு விதமாம். முதல் மருந்தை அபி உள்ளறையில் தானே கலப்பாள், ராஜவேலுவிடம் கலந்த பாட்டிலாகத்தான் வரும். இரண்டாவதைத்தான் அவன் கலந்து தடவுவான். அதனால் அவனை இழுத்துக்கொண்டு போனவர்களுக்குப் பாதிதான் கிடைத்தது, அதை வைத்து அவசரத்தில் செய்ததுதான் எல்லப்பன் மாட்டைக் கெடுத்தது. முழுசும் தெரியாதவன் எதற்கு என்று ராஜவேலுவையும் கொஞ்ச நாளில் அனுப்பிவிட்டார்கள். ஒரு நாள் வந்து ஷெட் வாசலில் நின்றான். மோனிஷா சேர்த்துக்கொள்ளலாம் என்கிறாள், அபி கூடவே கூடாது என்கிறாள், இன்னும் அவர்களுக்குள் முடிவாகவில்லை. அதுவரைக்கும் உன் நைனா அவனைக் கடலைக் கொல்லையில் வேலைக்கு வைத்திருக்கிறார். அவன் சாப்பாட்டு நேரத்தில் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

இரண்டு பெண்களும் வெயிலைப் பார்க்காமல் ஸ்கூட்டியில் மாட்டுக்காரர்கள் வீடு வீடாகப் போய் அந்தக் காயிதத்தை எல்லாம் வாங்கிக்கொண்டு நம்முடையதை மாற்றிக் கொடுத்தார்கள். எல்லப்பனே இரண்டு ஊருக்கு அவர்களோடு போய், என்னாட்டம் ஏமாறாதீங்க என்று சொல்லியிருக்கிறார். திருவள்ளூரில் ஒரு வக்கீலம்மாவைப் பார்த்தார்கள், முதல் நாள் ஆகாஷ் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டானே, அந்தப் பேப்பர்தான் இப்போது கையில் இருக்கிற பலம் என்று அந்த அம்மா சொன்னார்கள். அந்த நோட்டீஸைத்தான் நீ திமிர் என்றாய். நோட்டீஸ் போனதும் இலவசக் காயிதம் வருவது நின்றுவிட்டது. வேறு யாரிடமும் பேசக்கூடாது என்று எழுதி வாங்கின பேப்பரும், ஏமாற்றி வாங்கினது என்பதால், செல்லாது என்று ஆகிவிட்டது, கால்நடைக் கல்லூரிக்காரர்கள் மறுபடியும் வந்து பார்த்தார்கள், சின்ன உதவிதான், ஆனாலும் ஷெட் ஓடும். இந்தத் தடவை மோனிஷா முதலில் அவர்களைப் பற்றி நாலு இடத்தில் விசாரித்த பிறகுதான் கதவைத் திறந்தாள். காயிதம் வாங்கிக்கொண்டிருந்த சொசைட்டிகளில் இரண்டு இன்னும் திரும்பி வரவில்லை, கெட்ட பேர் அவ்வளவு சீக்கிரத்தில் போகிறதில்லை.

இப்போது நான் எதற்கு இதை எழுதினேன் என்பதற்கு வருகிறேன். வருகிற மாதம் வக்கீலம்மா ஆபீசில் ஆகாஷையும் அவன் கம்பெனிக்காரர்களையும் நேருக்கு நேர் உட்கார வைத்துப் பேசப்போகிறார்கள். மோனிஷா அங்கே இருப்பாள். தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அவன் அந்த வார்த்தையை அங்கே சொல்லுவான். என்னிடமே சொன்னவன் அங்கே சொல்லாமல் விடுவானா? அவன் சொன்னதை நான் நம்பவில்லை என்று ஒரு வரி எழுதத்தான் காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன், அந்த ஒரு வரி மட்டும் வரமாட்டேன் என்கிறது. நீ அங்கே வீடு வாங்கச் சேர்த்துக்கொண்டிருப்பது எனக்குத் தெரியும். நல்ல விதமாக முடிந்தால் எங்களை அறிமுகம் செய்து வைத்ததற்கு உனக்கும் ஏதோ தருவதாக அவன் சொல்லியிருக்கலாம், அதில் தப்பில்லை என்று நீயும் நினைத்திருக்கலாம். விஜயன் யார் என்று உனக்கும் தெரியாமல் இருந்திருக்கலாம். இல்லை, எல்லாமே அவன் வாயில் வந்த பொய்யாகவும் இருக்கலாம். நான் இப்படியும் அப்படியும் யோசித்து யோசித்துப் பைத்தியம் பிடித்தவள் மாதிரி ஆகிவிட்டேன். வயிற்றில் சுமந்த பிள்ளையைப் பற்றி இப்படி யோசிக்கும்படி ஆயிற்றே என்பதுதான் எனக்கு எல்லாவற்றையும் விடப் பெரிய அதிர்ச்சி.

எனக்கு நீ பதில் எழுத வேண்டாம், எனக்குப் போன் செய்து சத்தியம் செய்யவும் வேண்டாம். மோனிஷாவுக்குப் போன் செய். பொய் என்றால் பொய் என்று அவளிடம் சொல்லு, நிஜம் என்றால் அதையும் நீயே அவளிடம் சொல்லிவிடு. ஒரு வக்கீல் ஆபீசில், அந்நிய மனுஷர் எதிரில், ஆகாஷ் வாயிலிருந்து அவள் அதைக் கேட்கக்கூடாது. அவள் கத்துவாள், திட்டுவாள், ஞாயிற்றுக்கிழமை நீ கத்தினபோது அவள் பொறுத்துக்கொண்ட மாதிரி நீயும் பொறுத்துக்கொண்டு கேள். எது நிஜமானாலும் நீ என் பிள்ளைதான் எழிலா, அதில் ஒன்றும் மாறாது. அவளும் என் பிள்ளை.

இந்தக் கடிதத்தை நானே திருத்தணி போஸ்டாபீஸில் கொண்டுபோய்ப் போடுகிறேன், யார் கையிலும் கொடுக்கப்போவதில்லை. நீ நீண்ட ஆயுசோடு, செய்கிற வேலையில் மேன்மையோடு, மனசில் பாரம் இல்லாமல் இருக்க வேண்டும் என்று அந்தத் தணிகாசலத்தானைக் கும்பிட்டு ஆசீர்வாதம் செய்கிறேன். மோனிஷா சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஷெட்டிலிருந்து வந்துவிடுகிறாள், உனக்கு அப்போது மத்தியானமாக இருக்கும், வேலை நேரம் என்று தள்ளிப் போடாதே. முதல் தடவை அவள் எடுக்காவிட்டால் மறுபடியும் அடி.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்,
த. பிரபாவதி